புயலுக்குப் பின் வந்த வாடகை
நியூ ஆர்லியன்ஸ் நகர வரலாறு நமக்கு உணர்த்துவது

புயலும் வெள்ளமும் நிலநடுக்கமும் ஏழை, பணக்காரர் என்று பார்த்து வருவதில்லை என்று சொல்வதுண்டு. ஒரு பகலுக்கு மட்டும் அது உண்மை. மறுநாள் பொழுது விடிந்ததும், இடிந்த வீட்டை விட்டு வெளியேறிய மக்கள் தலைக்கு மேல் ஒரு கூரை தேடிப் புறப்படுகின்றனர். அப்போது ஒருவர் கையில் பணம் இருக்கிறது. மற்றொருவர் கையில் இல்லை. ஒருவருக்குக் கதவு திறக்கிறது, மற்றொருவருக்குத் திறப்பதில்லை. இயற்கை செய்த அழிவை அடுத்து மனிதர் செய்யும் அழிவு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

பேரிடருக்குப் பின் வாடகை வீடுகளின் விலை ஏறுவதும், அதனைச் சிலர் கொள்ளை வாடகையாக மாற்றிக் கொள்வதும், அதனைத் தடுக்க அரசுகள் சட்டம் செய்வதும் நெடுங்கால வரலாறு. அவ்வரலாற்றில் ஓர் ஊரை மட்டும் எடுத்துக் கொண்டு விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூர் அமெரிக்காவின் தென்பகுதியில் லூசியானா மாநிலத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ்.

அமெரிக்க நகரம் ஒன்றின் கதை நம் சமுதாயக் கல்வி மலருக்கு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். மகாத்மா ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காக உழைத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். கொலம்பியப் பல்கலைக் கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கர், 1946-இல் கறுப்பின மக்களின் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளிக்கவிருந்த மனுவைப் பற்றிக் கேட்டறிந்தார். அவர்கள் பட்ட பாட்டிலிருந்தும் பெற்ற வெற்றியிலிருந்தும் நாம் கற்பது நம் முன்னோர் காட்டிய வழியேயாகும்.

பழைய கதை

1666-ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகரில் பெருந்தீ மூண்டு 13,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்து சாம்பலாயின. தீக்குத் தப்பிய பகுதிகளில் வாடகை உடனே ஏறிவிட்டது. அதைவிடக் கொடிய செய்தி ஒன்றுண்டு. அக்காலத்துக் குத்தகைப் பத்திரங்களின்படி, குடியிருந்த வீடு எரிந்து போனாலும் குடியிருந்தவர் வாடகை செலுத்தியாக வேண்டும். வீட்டையும் அவரே திரும்பக் கட்டித் தர வேண்டும். இந்நிலை நீடித்தால் நகரம் எழவே எழாது என்று கண்ட பாராளுமன்றம் 1667-இல் 'தீ நீதிமன்றம்' என்ற தனி மன்றத்தை ஏற்படுத்தியது. வீட்டுக்காரரும் குடியிருந்தவரும் இழப்பை எவ்வாறு பகிர்ந்து கொள்வது என்று அம்மன்றம் வழக்குதோறும் விசாரித்து முடிவு செய்தது. திரும்பக் கட்டுபவருக்கு வாடகையைக் குறைக்கவும் குத்தகைக் காலத்தை நீட்டிக்கவும் அதற்கு அதிகாரம் இருந்தது.

1755 நவம்பர் முதல் நாள் போர்ச்சுகல் நாட்டுத் தலைநகர் லிஸ்பன் நிலநடுக்கத்தாலும் கடற்பேரலையாலும் தீயாலும் அழிந்தது. பின்னாளில் பொம்பால் பிரபு என்று பெயர் பெற்ற அமைச்சர் உணவுப் பண்டங்களின் விலையை ஏற்றலாகாது என்று ஆணையிட்டார். வாடகையையும் நிலநடுக்கத்துக்கு முன்பிருந்த அளவுக்கு மேல் உயர்த்தலாகாது என்று தடை விதித்தார்.

ஆகவே, பேரிடர்க் காலத்தில் வாடகைக்கு வரம்பு கட்ட வேண்டும் என்பது இன்று நேற்றுத் தோன்றிய எண்ணமன்று. ஆனால், வரம்பு கட்டியும் வீடு கிடைக்காதவர் நிலை யாது? இலண்டனும் லிஸ்பனும் கேட்காத இக்கேள்வியைத்தான் நியூ ஆர்லியன்ஸ் கேட்க வைத்தது.

புயலுக்கு முன்

2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நியூ ஆர்லியன்ஸ் நகரின் மக்கள் தொகை 4,84,674. அதில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பின மக்கள். நகரின் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவை வாடகை வீடுகளில் வாழ்ந்தன. மிசிசிப்பி ஆற்றுக்கும் ஒரு பெரிய ஏரிக்கும் இடையே அமைந்த அந்நகரின் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்கும் தாழ்ந்தது. பழைய மேட்டு நிலங்கள் விலை மிகுந்தவை. தாழ்ந்த பகுதிகள் மலிவானவை. நம் ஊர்களிலும் மேட்டில் எவர் தெரு, பள்ளத்தில் எவர் தெரு என்பதை நாம் அறிவோம். அங்கு தாழ்ந்த நிலத்தில் வாழ்ந்தவர்களில் வெள்ளையரும் உண்டு, வசதியுள்ளவரும் உண்டு. எனினும், வெள்ளம் சூழ்ந்த வீடுகளில் கறுப்பின மக்களின் வீடுகளே மிகுதி.

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரினா என்னும் புயல் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புக் கரைகள் பல இடங்களில் உடைந்தன. நகரின் 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. புயலால் மாண்டோர் 1,300-க்கும் மேற்பட்டோர். நகரில் மக்கள் குடியிருந்த வீடுகளில் 70 விழுக்காடு, அதாவது சுமார் 1,34,000 வீடுகள் சேதமுற்றன. மக்கள் ஹூஸ்டன், அட்லாண்டா முதலிய தொலைதூர நகரங்களுக்குப் பேருந்துகளிலும் விமானங்களிலும் அனுப்பப்பட்டனர்.

வாடகை ஏறிய விதம்

புயலுக்கு முன் அப்பகுதியில் இரண்டு படுக்கை அறைகள் கொண்ட வீட்டுக்கு அமெரிக்க மத்திய அரசு மதிப்பிட்ட நியாய வாடகை மாதம் 676 டாலர். 2007-இல் அதே மதிப்பீடு 978 டாலராக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஏற்றம். உணவு விடுதியிலும் மருத்துவமனையிலும் கூலி வேலை செய்தோர் சம்பளம் அந்த அளவில் ஏறவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வேற்றத்தின் காரணங்களை நாம் நேர்மையாகப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பேராசை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது எளிது. ஆனால் அது ஆராய்ச்சியாகாது. முதலாவது காரணம், இருந்த வீடுகளில் பெரும்பகுதி அழிந்து போனது. இரண்டாவது, சீரமைப்பு வேலைக்காகப் பல்லாயிரம் தொழிலாளரும் ஒப்பந்தக்காரரும் நகருக்குள் வந்து எஞ்சிய வீடுகளுக்குப் போட்டியிட்டனர். மூன்றாவது, காப்பீட்டுக் கட்டணமும், மரம், ஓடு, கம்பி முதலிய கட்டடப் பொருள்களின் விலையும் ஏறின. வீட்டுக்காரர் அச்செலவை வாடகையில் சேர்த்தார். நான்காவது, இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு மத்திய அரசு முதல் மூன்று மாத வாடகைக்கென 2,358 டாலர் கொடுத்தது. இது மாதத்துக்கு 786 டாலர் என்று நாடு முழுமைக்குமான சராசரியைக் கொண்டு கணக்கிட்ட தொகை. அழிந்த நகரத்தின் வாடகையை எட்ட இத்தொகை போதவில்லை.

இவற்றையெல்லாம் கழித்த பின்னும் மிஞ்சுவது ஒன்றுண்டு. வீட்டில் ஒரு செங்கல்லும் பெயரவில்லை, ஒரு காசும் செலவாகவில்லை, ஆயினும் அடுத்த தெருவில் ஆயிரம் பேர் வீடின்றி நிற்கின்றனர் என்பதற்காகவே வாடகையை ஏற்றுவது. இதுவே கொள்ளை வாடகை. லூசியானா மாநிலத்தில் இதற்கெதிரான சட்டம் புயலுக்கு முன்பே இருந்தது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால், அதற்கு முன் வழக்கமாக இருந்த விலைக்கு மேல் வாங்கலாகாது. உண்மையாகவே கூடிய செலவை மட்டும் சேர்த்துக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆனால் நெருக்கடி நிலை நீடிக்கும் காலத்துக்கே அச்சட்டம் பொருந்தும். நெருக்கடி அறிவிப்பு மாதக் கணக்கு. இடிந்த வீடுகள் எழுவதோ ஆண்டுக் கணக்கு. நிரந்தரமான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமோ அந்நகரில் இல்லை. அதனால், மக்கள் திரும்பி வரத் தொடங்கிய வேளையில் அவர்களைக் காக்க ஒரு வரம்பும் இருக்கவில்லை.

கதவில் ஒட்டிய தாள்

புதிய வாடகைக்கு ஆள் பிடிக்க வேண்டுமானால் பழைய குடித்தனக்காரரை வெளியேற்ற வேண்டும். லூசியானா சட்டப்படி, வீட்டைக் காலி செய்ய 5 நாள் அறிவிப்புக் கொடுத்தால் போதும். வீடு பூட்டிக் கிடந்தால் அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டாலும் செல்லும். சாதாரணக் காலத்துக்கு இயற்றப்பட்ட இவ்விதி பேரிடரில் என்ன செய்தது? ஆள் ஹூஸ்டன் நகரில் நிவாரண முகாமில் இருக்கிறார்; அறிவிப்பு நியூ ஆர்லியன்ஸ் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. தம் மீது வழக்கு நடப்பதே அவருக்குத் தெரியாது. புயலையொட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த நீதிமன்றக் கெடுக்கள் 2005 அக்டோபர் இறுதியில் மீண்டும் நடப்புக்கு வந்ததும் வெளியேற்ற வழக்குகள் ஆயிரக் கணக்கில் குவிந்தன. நனையாமல் எஞ்சிய கட்டில், பாத்திரம், குடும்பப் படங்கள் யாவும் தெருவில் எறியப்பட்டன.

இதனை எதிர்த்து வழக்கறிஞர்களும் மக்கள் அமைப்புகளும் மத்திய நீதிமன்றத்தை அணுகினர். 2005 நவம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. இடம் பெயர்ந்தோரின் புதிய முகவரி மத்திய அரசின் பேரிடர் நிறுவனத்திடம் இருந்தது. அம்முகவரிக்கு அறிவிப்பை அஞ்சலில் அனுப்ப வேண்டும், அனுப்பிய பின் 45 நாள் கழித்தே விசாரணை நடத்த வேண்டும் என்பதே அது. ஐந்து நாள் நாற்பத்தைந்து நாளாயிற்று. சட்டம் அறிந்த சிலர் உரிய நேரத்தில் நீதிமன்றப் படி ஏறியதால் விளைந்த பயன் இது.

விலைக்கு அப்பால்

இனி, இக்கட்டுரையின் மையமான செய்திக்கு வருவோம். வாடகையை ஏற்றக் கூடாது என்று சட்டம் முழுமையாகத் தடுத்துவிட்டதாகவே வைத்துக் கொள்வோம். ஒரு வீட்டுக்கு முன் இருபது குடும்பங்கள் நிற்கின்றன. இருபதும் ஒரே வாடகை தரத் தயார். வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்? விலையைக் கொண்டு தேர்ந்தெடுக்க முடியாதபோது முகத்தைக் கொண்டு, நிறத்தைக் கொண்டு, பெயரைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறார். வரிசை நீள நீள அவருக்கு விருப்பம் போல் பொறுக்கி எடுக்கும் வசதியும் மிகுகிறது. ஆகவே பேரிடர்க் காலத்து வாடகை வீட்டுக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று விலை; மற்றொன்று பிறப்பு. ஒரு பூட்டை மட்டும் திறந்தால் கதவு திறக்காது.

இது வெறும் ஊகமன்று. சோதனை செய்து கண்ட உண்மை. அமெரிக்காவில் வீட்டு உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகள் ஒரு முறையைக் கையாள்கின்றன. ஒரே அளவு வருமானமும் ஒரே அளவு குடும்பமும் உடையவராகச் சொல்லிக் கொள்ளும் இருவர், ஒருவர் வெள்ளையர், மற்றவர் கறுப்பர், ஒரே வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராகக் கேட்கின்றனர். இருவருக்கும் கிடைத்த மறுமொழி அப்போதே எழுதி வைக்கப்படுகிறது. கத்ரினாவுக்குப் பின் 2005-இன் இறுதியில், தேசிய அளவிலான அமைப்பு ஒன்று ஐந்து மாநிலங்களில் இவ்வாறு தொலைபேசி வழியே 65 சோதனைகள் நடத்தியது. அவற்றுள் 43-இல், அதாவது மூன்றில் இரண்டு பங்கில், வெள்ளையருக்கே சலுகை காட்டப்பட்டது. பேச்சின் ஒலியைக் கொண்டே ஆள் யார் என்று கண்டு கொண்டனர். கறுப்பினத்தவருக்கு வீடு காலியில்லை என்று சொல்லப்பட்டது. அல்லது கூடுதல் வாடகையும் கூடுதல் முன்பணமும் கேட்கப்பட்டன. பின்னர் நியூ ஆர்லியன்ஸ் பகுதியிலேயே நடத்தப்பட்டு 2007-இல் வெளியான சோதனை முடிவுகளிலும் பத்தில் ஏறத்தாழ ஆறு முறை பாகுபாடு காணப்பட்டது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாகுபாடும் கொள்ளை விலையும் வெவ்வேறு குற்றங்கள் போலத் தோன்றுகின்றன. ஆனால் ஒரே வீட்டுக்கு வெள்ளையருக்கு ஒரு வாடகையும் கறுப்பருக்கு அதைவிடக் கூடிய வாடகையும் சொல்லப்படும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பத்து வீடுகளில் ஆறு மூடிக் கொண்டால், எஞ்சிய நான்கு வீடுகளின் முன் அம்மக்கள் அனைவரும் குவிகின்றனர். அந்த நான்கு வீட்டுக்காரரும் என்ன கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். ஒதுக்கி வைத்தலே விலையை ஏற்றும் கருவியாக மாறுகிறது.

இரத்த உறவுச் சட்டம்

தனி மனிதர் செய்தது போதாதென்று சில உள்ளாட்சி மன்றங்களும் இதில் இறங்கின. நியூ ஆர்லியன்ஸ் நகரை அடுத்துள்ள மாவட்டம் செயின்ட் பெர்னார்ட். அங்குச் சொந்த வீடு உடையோரில் 93 விழுக்காட்டினர் வெள்ளையர். புயலில் அம்மாவட்டமும் பேரழிவுக்கு உள்ளாயிற்று. 2006 செப்டம்பரில் அதன் மன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தனி வீடு வைத்திருப்பவர் தம் இரத்த உறவினருக்கு மட்டுமே அதை வாடகைக்கு விடலாம். பிறருக்கு விட வேண்டுமானால் மன்றத்தின் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்பது அச்சட்டம்.

அச்சட்டத்தில் நிறம் என்ற சொல் இல்லை. இனம் என்ற சொல் இல்லை. உடைமையாளரில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையராயிருக்க, அவர்தம் இரத்த உறவினர் யாராக இருப்பர் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைக் காக்கும் விதிகளைக் கண்டு பழகிய நமக்கு இத்தந்திரம் புதிதன்று.

நியூ ஆர்லியன்ஸ் வட்டாரத்தில் 1995 முதல் இயங்கி வந்த நியாய வீட்டு உரிமை அமைப்பு உடனே வழக்குத் தொடுத்தது. 2008-இல் மாவட்ட மன்றம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் அவ்வாண்டே, அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புகளைக் கட்டத் தடை என்று வேறொரு சட்டத்தை இயற்றியது. 2009 மார்ச்சில் மத்திய நீதிமன்றம் அதுவும் இனப் பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. இவ்வழக்குகளுக்கு அடிப்படையாய் அமைந்தது 1968-ஆம் ஆண்டு நியாய வீட்டுச் சட்டம். அறிஞர் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஏழாம் நாள் அச்சட்டம் கையொப்பமாயிற்று. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம், நிறம், மதம் பார்க்கலாகாது என்பது அதன் விதி. 37 ஆண்டுகளுக்கு முன்னரே அச்சட்டம் இருந்ததனால்தான் புயலுக்குப் பின் அதைக் கையில் எடுக்க முடிந்தது.

அரசு செய்ததும் செய்யாததும்

புயலுக்கு முன் நகரின் அரசுக் குடியிருப்புகளில் 5,000-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் குறைந்த வாடகையில் வாழ்ந்தன. அவை திடமான செங்கற் கட்டடங்கள். பழுது பார்த்தால் மீண்டும் குடியேறலாம் என்று குடியிருந்தோர் வாதிட்டனர். அரசோ கதவுகளை இரும்புத் தகட்டால் அடைத்தது. 2007 டிசம்பர் 20 அன்று நகர மன்றம், நான்கு பெரிய குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,500 வீடுகளை இடிக்க ஒருமனதாக வாக்களித்தது. மன்றத்துக்கு வெளியே மக்கள் மீது மிளகுப் புகை வீசப்பட்டது. பலதரப்பட்ட வருமானத்தினர் கலந்து வாழும் புதிய குடியிருப்புகள் பின்னர் எழுந்தன. ஆனால் மிக ஏழைகளுக்கு அவற்றில் கிடைத்த இடம் முன்பிருந்ததைவிட மிகக் குறைவு. வாடகை உச்சத்தில் இருந்த காலத்தில் மலிவான வீடுகளின் எண்ணிக்கையை அரசே குறைத்தது.

சொந்த வீடு இழந்தோருக்காக 'ரோட் ஹோம்' என்ற பெருந்திட்டம் வந்தது. சுமார் 1,30,000 பேருக்கு ஏறத்தாழ 900 கோடி டாலர் வழங்கப்பட்டது. வாடகை வீடுகளைச் சீரமைக்க ஒதுக்கப்பட்டதோ அதனினும் மிகச் சிறிய தொகை. அதுவும் வெகு தாமதமாகவே பயன் தந்தது. சொந்த வீட்டுத் திட்டத்திலும் ஒரு குறை இருந்தது. புயலுக்கு முந்திய சந்தை விலை, கட்டும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை வைத்தே உதவி கணக்கிடப்பட்டது. கறுப்பினத்தவர் தெருவில் உள்ள வீட்டுக்குச் சந்தை விலை குறைவு. ஆனால் சிமெண்டும் மரமும் எந்தத் தெருவுக்கும் ஒரே விலை. இதனால் அவர்கள் வீட்டைக் கட்டி முடிக்க இயலாமல் வாடகைக்கே தள்ளப்பட்டனர். 2008-இல் தொடுத்த வழக்கு 2011-இல் 6 கோடியே 20 இலட்சம் டாலர் கூடுதல் உதவியுடன் முடிவுக்கு வந்தது.

பாட்டன் காலத்து வீட்டைப் பத்திரம் மாற்றாமல் வழிவழியாக அனுபவித்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் மற்றொரு துன்பத்தையும் சந்தித்தன. வீடு தமதே என்று மெய்ப்பிக்கும் ஆவணம் கையில் இல்லாததால் உதவி பெறுவது தடைப்பட்டது. பட்டா மாற்றாமல், வாரிசுச் சான்று வாங்காமல் காலம் கடத்தும் நம் குடும்பங்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

முடிவில் நேர்ந்தது என்ன? 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள் தொகை 3,43,829 ஆகச் சுருங்கியது. 2000-ஆம் ஆண்டுடன் ஒப்பிடும்போது கறுப்பின மக்களின் எண்ணிக்கை 1 இலட்சத்துக்கும் மேல் குறைந்து போயிற்று. வெள்ளம் சில வாரங்களில் வடிந்தது. மக்களைத் திரும்ப வரவிடாமல் தடுத்தது வாடகை.

எண்ணைச் சொன்ன சட்டம்

கலிபோர்னியா மாநிலம் 1994 நிலநடுக்கத்துக்குப் பின் தெளிவான சட்டம் ஒன்றை இயற்றியது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட பின் இன்றியமையாப் பொருள்களுக்கு முந்திய விலையைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாக ஏற்றக் கூடாது. வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். மீறினால் சிறையும் அபராதமும் உண்டு. 'நியாயமான விலை' என்று மழுப்பாமல் எண்ணைச் சொன்னதே இதன் சிறப்பு. எந்தக் குடித்தனக்காரரும் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துக் கொள்ளலாம்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் காட்டுத்தீ பரவி பல்லாயிரம் வீடுகள் எரிந்தன. முன்னாளில் பிற பகுதிகளில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினக் குடும்பங்கள் பாடுபட்டு வீடு வாங்கிய அல்டடீனா என்னும் ஊரும் அவற்றுள் ஒன்று. வரம்பை மீறிய வாடகை விளம்பரங்கள் சில நாள்களிலேயே தோன்றின. பொதுமக்கள் அவற்றைத் தேடிப் பட்டியலிட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினர். மாநிலத் தலைமை வழக்கறிஞர் சிலர் மீது வழக்கும் தொடுத்தார். சட்டம் இருந்தும் மீறல் நடந்தது உண்மை. ஆனால் எண் தெளிவாக இருந்ததால் மீறலைக் கண்டுபிடிக்கவாவது முடிந்தது.

நம் நாட்டு நிலை

அண்ணல் அம்பேத்கர் அமெரிக்காவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, 1917-இல் பரோடா அரசில் பணியேற்றார். அந்நகரில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாள்களில் உண்மை தெரிந்து, தடி ஏந்தி வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். நண்பர்களும் இடம் தரத் தயங்கினர். பரோடாவை விட்டே அவர் பம்பாய்க்குத் திரும்ப நேர்ந்தது. அங்கு வெள்ளமும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. கையில் வாடகை கொடுக்கப் பணமும் இருந்தது. முதற்பூட்டு திறந்திருந்தும் இரண்டாம் பூட்டு திறக்கவில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வட்டாரத்தில் தலித் குடும்பங்கள் நிவாரண முகாம்களில் ஒதுக்கப்பட்டதை ஆய்வறிக்கைகள் பதிவு செய்துள்ளன. பேரிடரும் சாதியை மறக்கச் செய்வதில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

நம் சட்டங்களின் நிலையையும் அறிந்து கொள்வோம். அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடைகள், உணவு விடுதிகள், கிணறுகள், குளங்கள் முதலியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி பார்க்கலாகாது என்கிறது. வாடகை வீடு அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. கத்ரினா வீசிய அதே 2005-இல், ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் தன் உறுப்பினரை ஒரே சமூகத்தாருக்கு என்று வரையறுத்துக் கொள்ளலாம் என்று நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் போன்றதொரு சட்டம் நமக்கு இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகையை நிர்ணயிக்கும் முறையைக் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு தரப்பாரும் எழுதிக் கொள்ளும் ஒப்பந்தத்தில் கண்ட வாடகையே வாடகை. ஆதலின் வாய்ச் சொல்லை நம்பிக் குடியேறுபவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்றுப் பதிவு செய்வது இன்றியமையாதது.

இளைஞர்களுக்கு

நியூ ஆர்லியன்ஸ் வரலாறு தோல்வியும் வெற்றியும் கலந்தது. வெற்றி கிடைத்த இடங்களைத் திரும்பிப் பாருங்கள். 5 நாள் 45 நாளானது, இரத்த உறவுச் சட்டம் வீழ்ந்தது, 6 கோடி டாலருக்கு மேல் திரும்பக் கிடைத்தது ஆகிய மூன்றிலும் ஒரே செயல் முறை தெரிகிறது. பேரிடருக்கு நெடுநாள் முன்பே ஒரு சட்டம் இருந்தது. அச்சட்டத்தைப் படித்தறிந்த ஓர் அமைப்பும் இருந்தது. இன்ன நாளில், இன்ன வீட்டில், இன்ன மறுமொழி கிடைத்தது என்று சினமின்றி எழுதி வைத்த சாதாரணத் தொண்டர்கள் இருந்தனர். நீதிமன்றத்தில் பேசியது அவர்கள் எழுதிய தாள்களே.

நம் இளைஞர்கள் செய்யத் தக்கனவும் இவையே. பட்டா, வாரிசுச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றின் படிகளை வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான ஓரிடத்திலும் வைத்திருங்கள். வாடகைக்குக் குடியிருப்போர் ஒப்பந்தமும் இரசீதும் இல்லாமல் பணம் தராதிருக்கச் சொல்லுங்கள். வீடு மறுக்கப்பட்டால் நாள், நேரம், சொன்ன காரணம் ஆகியவற்றை உடனே குறித்து வையுங்கள். விலைக்கு வரம்பு கேட்கும்போதெல்லாம், பிறப்பைக் காட்டிக் கதவடைப்பதற்கும் தண்டனை கேளுங்கள். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை விட்டுவிட்டால் பாதி வேலையே முடிந்ததாகும்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சமுதாயக் கல்விக் கழகம் எழுத்தறிவை வளர்த்து வந்துள்ளது. எழுத்தறிவின் பயன் வேலை வாய்ப்போடு முடிவதில்லை. கதவில் ஒட்டிய தாளைப் படித்து, அதற்கு எத்தனை நாளில் மறுமொழி தர வேண்டும் என்று அறிந்து, தெரியாத அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்லக் கூடியவர் தெருவுக்கு ஒருவர் இருப்பாராயின், அடுத்த வெள்ளம் வடியும்போது நம் மக்கள் தம் ஊருக்கே திரும்புவர்.